கொம்புச் சாணம் முதல் பீப்பாய் வரை: ஒரு அல்சாஸ் குடும்பத்தின் பயோடைனமிக் ஒயின்

கேள்வி: பிரான்சில் தலைமுறை தலைமுறையாக ஒயின் செய்யும் குடும்பங்கள் மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைக்கிறார்கள், நிலாவைப் பார்த்துக் கவாத்து செய்கிறார்கள் என்று படித்தேன். பயோடைனமிக் முறை என்கிறார்கள். தோட்டத்திலும் ஒயின் அறையிலும் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? பலன் உண்மையா, வெறும் நம்பிக்கையா?

பதில்: பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்விக்குப் பதில் நழுவிவிடும். அதனால் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் மண்ணிலிருந்து புட்டி வரை போய்வருவோம். ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதியில், டுர்க்ஹைம் என்ற சிற்றூரில் இருக்கும் ஸின்ட்-ஹும்ப்ரெக்ட் குடும்பம் அது. ஹும்ப்ரெக்ட் வீட்டார் 17ஆம் நூற்றாண்டிலிருந்து திராட்சை பயிரிடுபவர்கள். குபெர்ஷ்விர் ஊர் லெயோனார் ஹும்ப்ரெக்ட்டும் வின்ட்ஸென்ஹைம் ஊர் ஜெனவியேவ் ஸின்ட்டும் மணந்துகொண்டபோது இரு வீட்டு நிலங்களும் சேர்ந்தன. 1959இல் இன்றைய பெயரில் பண்ணை உருவானது. இவர்கள் மகன் ஒலிவியே ஹும்ப்ரெக்ட் 1989இல் 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' தேர்வில் வென்ற முதல் பிரெஞ்சுக்காரர். 1997இல் பண்ணையைப் பயோடைனமிக் முறைக்குத் திருப்பியவரும் அவர்தான். 1998இல் இயற்கை வேளாண்மைச் சான்றிதழ், 2002இல் பயோடிவின் அமைப்பின் பயோடைனமிக் சான்றிதழ். மொத்தம் சுமார் 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர்.

அல்சாஸில் இந்த முறையைத் தொடங்கியவர்கள் இவர்கள் இல்லை. பெர்கோல்ட்ஸ் ஊரின் ஒயூஜேன் மேயர் குடும்பம் 1969இலேயே மாறிவிட்டது. பர்கண்டியில் லெஃப்லேவ் குடும்பம் 1990இல் சில பாத்திகளில் சோதித்துப் பார்த்து 1997இல் முழுவதும் மாறியது. ஆனால் ஸின்ட்-ஹும்ப்ரெக்ட்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. மண்ணில் செய்கிற வேலை ஒயினில் எங்கே வந்து நிற்கிறது என்பதை இவர்கள் புட்டியிலேயே படித்துவிடலாம். கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் நிலம். மேற்கே வோஜ் மலை மழையை மறைத்துக்கொள்வதால் கொல்மார் சுற்றுவட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான். பிரான்சின் வறண்ட பகுதிகளில் இது ஒன்று. வறட்சி என்றால் பூஞ்சை நோய் குறைவு; இயற்கை முறைக்கு இது பெரிய வரம். இதற்கு விலக்கு ஒன்று உண்டு. தெற்கே டான் ஊருக்கு மேலே நிற்கும் ராங்கென் சரிவு, அல்சாஸின் 51 'கிரான் க்ரு' (மிக உயர்ந்த தரம் என்று வகுத்த) நிலங்களில் தென்கோடியில் இருப்பது. எரிமலைப் பாறை, சில இடங்களில் சரிவு 45 டிகிரியை நெருங்கும், பள்ளத்தாக்கின் வாயில் இருப்பதால் மழையும் கூடுதல். கூலியும் உழைப்பும் கட்டாமல் ஒரு காலத்தில் பெரும்பகுதி கைவிடப்பட்ட மலை. லெயோனார் 1977இல் அங்கே நிலம் வாங்கி மீண்டும் கொடி நட்டார். புனித உர்பேன் பெயரில் ஒரு சிறு கோயில் நிற்கும் அந்தச் சுமார் 5.5 ஹெக்டேர் பாத்திதான் 'க்ளோ சேன் உர்பேன்'. அங்கே டிராக்டர் ஏறாது. இழுவைக் கயிற்றில் கலப்பையைக் கட்டி இழுக்க வேண்டும், மற்றதெல்லாம் கைவேலை. பயோடைனமிக் முறையின் உண்மையான செலவு என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தச் சரிவைத்தான். களைக்கொல்லி ஒரே நாளில் முடித்துவிடும் வேலையை, இங்கே ஆட்கள் வாரக்கணக்கில் மண்வெட்டியால் செய்கிறார்கள்.

முறையின் வேர் 1924இல் இருக்கிறது. அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் இருக்கும் கோபர்விட்ஸ் கிராமத்தில் ருடோல்ஃப் ஸ்டெய்னர் விவசாயிகளுக்கு எட்டு உரைகள் ஆற்றினார். பண்ணை ஒரு முழு உயிர், அதன் உரம் அதற்குள்ளேயே பிறக்க வேண்டும் என்பது மையக் கருத்து. இயற்கை விவசாயம் எதைப் போடக் கூடாது என்று விதி சொல்கிறது. பயோடைனமிக் அந்த விதிகளை அப்படியே ஏற்றுக்கொண்டு, எதைக் கட்டாயம் போட வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படிப் போட வேண்டியவைதான் 500 முதல் 507 வரை எண்ணிட்ட தயாரிப்புகள்.

500 என்பதுதான் நீங்கள் படித்த கொம்புச் சாணம். கன்று ஈன்ற பசுவின் கொம்பு வேண்டும், காளையின் கொம்பு ஆகாது. புல் தின்று கறக்கும் பசுவின் கெட்டியான சாணத்தை அதில் அடைத்து, இலையுதிர் காலத் தொடக்கத்தில், செப்டம்பர் கடைசி வாக்கில், 40 முதல் 60 செ.மீ. ஆழத்தில் புதைக்கிறார்கள். வாய்ப்பக்கம் கீழே பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே தங்கும். வசந்தத்தில் எடுத்தால் உள்ளிருப்பது கறுத்து, ஈரமாக, காட்டு மண் வாசனையோடு, விரலால் உருட்டினால் களிமண் போலத் திரள வேண்டும். பச்சை நிறமும் சாண நாற்றமும் இருந்தால் தயாரிப்பு கெட்டுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நீர் தேங்கும் களிமண்ணில் புதைத்து, காற்று போகாமல் போனது. எடுத்ததைப் பீட் எனும் கரிமண் நிரப்பிய பெட்டிக்குள் மண்பானையில், இருட்டில், குளுமையாக வைப்பார்கள். காய்ந்து போனால் பயனில்லை. ஒரே கொம்பைச் சில ஆண்டுகள் திரும்பப் பயன்படுத்தலாம்.

அளவு ஒரு ஹெக்டேருக்கு 100 கிராம், 30 முதல் 35 லிட்டர் தண்ணீரில். மழைநீர் சிறந்தது, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது. தண்ணீர் 35 முதல் 37 டிகிரி வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். மரத்தொட்டியிலோ செம்புத் தொட்டியிலோ ஊற்றி ஒரு மணி நேரம் கலக்குவார்கள். ஒரு பக்கமாகச் சுழற்றினால் நடுவில் ஆழமான சுழி விழும், சுழி தொட்டியின் அடியைத் தொடும்போது சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பினால் நீர் கலங்கி நுரைக்கும், மீண்டும் சுழி. ஒரு மணி நேரமும் இதேதான். முடித்த மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் மாலையில், மண் ஈரமாக இருக்கும்போது, பெரிய துளிகளாகத் தரையில் தெளிக்க வேண்டும். முதுகில் மாட்டும் செம்புத் தெளிப்பான் இதற்கே தனியாக வைத்திருப்பார்கள். நோய் மருந்து அடித்த தொட்டியை அரைகுறையாகக் கழுவிவிட்டு அதிலேயே 500ஐ ஊற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நுண்ணுயிருக்காகப் போடுவதை, நுண்ணுயிரைக் கொல்லவென்றே செய்த தாமிர மிச்சத்தோடு சேர்ப்பதாகிவிடும். வடிகட்டாமல் ஊற்றி நாசில் அடைத்துக்கொள்வது அடுத்த தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 ஹெக்டேருக்கு ஒரு சுற்றுக்கு 4 கிலோ 500, 1,400 லிட்டர் தண்ணீர் போதும். உரமாகப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஒரு ஹெக்டேருக்கு 100 கிராம் சாணத்தில் இருக்கும் சத்து கணக்கில் சேராது. ஆதரிப்பவர்கள் இதை உரம் என்று சொல்வதும் இல்லை, பால் தோய்க்கப் போடும் உறைமோர் போல என்பார்கள். பஞ்சகவ்யம், அமிர்தக்கரைசல் பயன்படுத்தும் நம் ஊர் விவசாயிகளுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. ஆனால் நம் கரைசல்கள் ஒரு ஏக்கருக்கு லிட்டர் கணக்கில் போகின்றன, இது கிராம் கணக்கில். ஒன்றை வைத்து மற்றதை நியாயப்படுத்தக் கூடாது.

501 இதற்கு மறுபக்கம். வெங்கச்சங்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸை மாவாக அரைத்துக் குழைத்துக் கொம்பில் அடைத்து, கோடை முழுவதும் மண்ணுக்குள் வைப்பார்கள். அளவு இன்னும் சிறியது, ஹெக்டேருக்கு வெறும் 4 கிராம். இதையும் ஒரு மணி நேரம் கலக்கி, விடியற்காலையில், இலைமேல் பனிப்புகை போல மேல்நோக்கித் தெளிப்பார்கள். ஒளியைக் கூட்டித் தருவது, பழம் முதிர்வதைத் தூண்டுவது இதன் வேலை என்பது கொள்கை. இங்கே எச்சரிக்கை அவசியம். கொடி ஏற்கெனவே தாகத்தில் இருக்கும்போது, வெயில் ஏறிய பிறகு 501 அடித்தால் இலை கருகுகிறது என்பதை வளர்ப்பவர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். கோடை வெப்ப அலைகள் கூடிவரும் இந்தக் காலத்தில் அனுபவசாலிகள் சில ஆண்டுகளில் இதை முற்றிலும் நிறுத்திவிடுகிறார்கள். காலண்டரில் நாள் குறித்திருக்கிறது என்பதற்காக வறட்சியில் 501 தெளிப்பவர், முறையின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பயிரை விட்டுவிடுகிறார்.

502 முதல் 507 வரை ஆறும் எருக்குவியலுக்கு. 'யாரோ' (yarrow) என்ற மூலிகையின் பூ, சீமைச்சாமந்தி, நம் காஞ்சொறி போல் தொட்டால் அரிக்கும் நெட்டில், ஓக் மரப்பட்டை, டான்டிலியன் பூ, வலேரியன் பூச்சாறு. 'யாரோ' பூவை மான் சிறுநீர்ப்பையிலும் சீமைச்சாமந்தியை மாட்டுக் குடலிலும் ஓக் பட்டையை வீட்டு விலங்கின் மண்டையோட்டிலும் பக்குவப்படுத்துவார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும் பகுதி இது. ஏன் இந்த உறுப்பு என்பதற்கு ஸ்டெய்னர் சொன்ன விளக்கத்தை அறிவியல் ஏற்கவில்லை. பெரும்பாலான குடும்பங்கள் இவற்றைத் தயாராகவே வாங்கிக்கொள்கின்றன.

என் கவனம் போவது எருக்குவியல் மேல்தான், ஏனென்றால் அளக்கக்கூடிய பலன் இங்கேதான் பிறக்கிறது. மாட்டுச்சாணமும் வைக்கோலும் அடுக்கி, அடிப்பகுதி 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்துக்கு நீண்ட மேடாகப் போடுகிறார்கள். கரிமமும் தழைச்சத்தும் 25 முதல் 30க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் அரை மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தயாரிப்பில் ஓரிரு கிராம் வைத்து மூடுவார்கள். வலேரியனைத் தண்ணீரில் கலக்கி மேலே தெளிப்பார்கள். குவியல் 55 முதல் 65 டிகிரி வரை சூடேற வேண்டும். ஏறவில்லை என்றால் ஈரம் குறைவு, அல்லது வைக்கோல் அதிகம். அம்மோனியா வாடை அடித்தால் சாணம் அதிகம். தழைச்சத்து காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. ஆறு முதல் ஒன்பது மாதத்தில் கறுத்துப் பொலபொலத்து மண்புழு ஏறியதும் இலையுதிர் காலத்தில் ஹெக்டேருக்கு 5 முதல் 10 டன். அதற்கு மேல் கொட்டக் கூடாது. திராட்சைக்கு அதிகத் தழைச்சத்து நஞ்சு மாதிரி: கொடி காடாக வளரும், கொத்துக்குள் காற்று புகாது, பழம் அழுகும்.

மாறுகிற முதல் மூன்று ஆண்டுகள்தான் மிகக் கடினம். பல பத்தாண்டு களைக்கொல்லியில் வாழ்ந்த கொடியின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவிக் கிடக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் ஆண்டே ஆழமாக உழுதால் வேரெல்லாம் அறுபட்டு, இலை மஞ்சளித்து, விளைச்சல் சரிந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் 5 முதல் 8 செ.மீ.க்கு மேல் கத்தியை இறக்கமாட்டார்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை உழுது, மற்றதில் புல்லை விட்டுவைப்பார்கள். சரிவில் அந்தப் புல்தான் மழையில் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. மேல்வேரை இழந்த கொடி ஆழத்தில் வேர் விட்டுத் தேறிக்கொள்ள ஐந்தாறு ஆண்டு ஆகும். அதுவரை குறைந்த விளைச்சலைத் தாங்குகிற பணபலம் வேண்டும். நிலம் சொந்தமாகவும் கடன் குறைவாகவும் உள்ள பழைய குடும்பங்கள் இதில் முன்னணியில் இருப்பதற்கு இதுவும் காரணம்.

இனி நோய். இதைச் சொல்லாமல் பயோடைனமிக் பற்றிப் பேசுவது பாதி உண்மைதான். ஐரோப்பியத் திராட்சைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு பூஞ்சைகள் தீரா எதிரிகள்: அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும். முதலாவதற்குத் தாமிரம், இரண்டாவதற்குக் கந்தகம். 1885இல் போர்டோ பேராசிரியர் மில்லார்தே வெளியிட்ட மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இன்றும் இங்கே காவல். கொம்புச் சாணம் தெளிப்பதால் தாமிரம் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு ஏழு ஆண்டில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம், சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. டெமெட்டர் என்ற பயோடைனமிக் சான்றிதழ் முத்திரை வேண்டுமென்றால் 3 கிலோ. ஒரு முறைக்கு 200 முதல் 400 கிராம் தூய தாமிரம் அடித்தால், ஈரமான ஆண்டில் பத்துச் சுற்றில் கணக்கு முடிந்துவிடும். தாமிரம் இலைமேல் படர்ந்து நிற்பது, உள்ளே போகாது. அதனால் 20, 25 மி.மீ. மழை அதைக் கழுவிவிடும், புதிதாக முளைத்த இலைக்கோ பாதுகாப்பே இல்லை. மே, ஜூனில் கொடி வேகமாக வளரும்போது நேற்றைய மருந்து நாளைய இலையைக் காக்காது. வளர்ப்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது 'மூன்று பத்து' விதி: வெப்பம் 10 டிகிரிக்கு மேல், மழை 10 மி.மீ., தளிர் 10 செ.மீ. மூன்றும் கூடினால் முதல் தொற்று நடந்திருக்கும். மழைக்குப் பின் அடித்துப் பயனில்லை, முன்னால் அடித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு மழை என்றால் ஞாயிறு பகலில் தோட்டத்தில் நிற்க வேண்டும். 2021இல் அல்சாஸில் கோடை முழுவதும் மழை. இயற்கை முறைப் பண்ணைகள் பலவற்றில் விளைச்சல் பெருமளவு போனது முக்கியமாக அடிச்சாம்பல் நோயால்தான்.

கந்தகத்துக்கு வேறு குணம். அது ஆவியாகித்தான் வேலை செய்யும்; 18 டிகிரிக்குக் கீழே தூங்கும், 30ஐத் தாண்டினால் இலையையும் காயையும் சுடும். குதிரைவால் செடியின் கஷாயத்தையும் சேர்ப்பார்கள்: உலர்ந்த செடி 100 கிராமை நான்கைந்து லிட்டர் தண்ணீரில் அரைமணி கொதிக்கவைத்து வடித்து, 30 லிட்டராக்கி ஹெக்டேருக்குத் தெளிப்பது. நெட்டில், வில்லோ பட்டைக் கஷாயங்களும் உண்டு. இவை தாமிரத்தின் அளவைக் குறைக்கத் துணை நிற்கலாம். தாமிரத்தின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

நிலாக் காலண்டருக்கு வருவோம். தினசரி காலண்டரில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதாகப் புரியும். மரியா தூன் என்ற ஜெர்மானியப் பெண்மணி வகுத்த காலண்டர் நிலா நிற்கும் ராசியை வைத்து நாளைப் பிரிக்கிறது. மேஷம், சிம்மம், தனுசு என்ற நெருப்பு ராசிகள் பழ நாள். ரிஷபம், கன்னி, மகரம் வேர் நாள். மிதுனம், துலாம், கும்பம் பூ நாள். கடகம், விருச்சிகம், மீனம் இலை நாள். மேலைச் சோதிடம் போலன்றி நம் பஞ்சாங்கம் போல விண்மீன்களின் உண்மை இடத்தையே இதுவும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் நம் மேல்நோக்கு, கீழ்நோக்கு நட்சத்திரத்தால் வருவது. அவர்களுடைய 'ஏறும் நிலா, இறங்கும் நிலா' வானில் நிலாவின் பாதை உயர்வதையும் தாழ்வதையும் குறிப்பது. வளர்பிறை, தேய்பிறையும் அல்ல. மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பலன் உண்டா? பழ நாளில் ஒயின் சுவையாக இருக்கும் என்ற கூற்றை நியூசிலாந்தில் சோதித்தார்கள். 12 பினோ நுவார் ஒயின்கள், 19 தொழில்முறைச் சுவைஞர்கள், பழ நாளும் வேர் நாளும்; 2017இல் வெளியான முடிவில் வேறுபாடு இல்லை. தயாரிப்புகளைப் பற்றி நம்பத்தக்க சோதனை ஜெர்மனியின் கைசன்ஹைமில் 2006 முதல் ரீஸ்லிங் கொடிகளில் நடக்கிறது. வழக்கமான முறையைவிட இயற்கை, பயோடைனமிக் இரண்டிலும் கொடியின் வீரியமும் விளைச்சலும் குறைவு; இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. சுவிட்சர்லாந்தின் தெர்வில் ஊரில் 1978 முதல் வயல் பயிர்களில் நடக்கும் ஒப்பீட்டின் 2002ஆம் ஆண்டு அறிக்கையில், இயற்கை வகை முறைகளில் விளைச்சல் 20 சதவீதம் குறைந்தாலும் மண்ணின் உயிர்ப்பு கூடியது தெளிவாகப் பதிவானது.

எனவே என் முடிவு இது: மண்ணுக்கு நடக்கும் நன்மையின் பெரும்பங்கு எருவுக்கும் உழவுக்கும் களைக்கொல்லி இன்மைக்கும் உரியது, கொம்புக்கு அல்ல. அப்படியானால் கொம்பு வீணா? வீண் என்று சொல்லமாட்டேன். நூறு ஏக்கரின் ஒவ்வொரு வரிசையிலும் முதுகில் தெளிப்பானோடு ஆண்டுக்குப் பலமுறை நடந்தே ஆக வேண்டும் என்று ஒரு முறை கட்டாயப்படுத்தினால், அந்தப் பண்ணையில் அடிச்சாம்பல் நோய் இலையில் காட்டும் முதல் எண்ணெய்ப் புள்ளி யார் கண்ணிலாவது பட்டுவிடும். தாமிரத்தை 3 கிலோவுக்குள் நிறுத்த முடிவது அந்தக் கண்ணால்தான்.

ஒயின் அறையில் நிலாவைவிடக் காற்றழுத்தமானி உதவும். பீப்பாய் மாற்றும் நாளில் அழுத்தம் உயர்ந்திருந்தால் ஒயினில் கரைந்த கரியமில வாயு அடங்கி, மண்டி அடியிலேயே கிடக்கும். புயல் நாளில் அழுத்தம் குறையும்போது வாயு எழும்பி மண்டியைத் தூக்கிவிடும். 'நல்ல நாள்' பார்த்த முன்னோர் பலர் கண்டது இதைத்தான் என்பது என் எண்ணம்.

இனி எல்லாம் சேரும் இடம், நொதித்தல். கொத்துகளைக் காம்போடு முழுசாகக் காற்றழுத்தப் பிழிகருவியில் போட்டு, மணிக்கணக்கில் மெதுவாகப் பிழிவார்கள். வேகமாகப் பிழிந்தால் தோலும் காம்பும் கசங்கிச் சாறு கலங்கும், கசக்கும். ஓரிரவு தெளியவிட்டுப் பீப்பாய்க்கு மாற்றுவார்கள். இதில் நிதானம் வேண்டும்: கண்ணாடி போலத் தெளிந்துவிட்டால் ஈஸ்ட்டுக்குத் தின்ன ஏதும் இருக்காது, மிகக் கலங்கலாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். இவர்கள் பீப்பாய் பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பழைய ஓக் பெரும்பீப்பாய். பழையது என்பதால் மரவாசனை ஒயினில் ஏறாது. பாக்கெட் ஈஸ்ட் கிடையாது, பழத்தோலிலும் அறையிலும் வாழும் ஈஸ்ட்தான்.

மண்ணின் தழைச்சத்து இப்போது கதவைத் தட்டும். எரு அளவாகப் போட்ட, புல்லோடு போட்டி போடும் கொடியின் சாற்றில் ஈஸ்ட் உண்ணும் தழைச்சத்து குறைவாகவே இருக்கும். லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நொதித்தல் தள்ளாடத் தொடங்கும். வழக்கமான ஆலையில் இதற்கு மருந்து டிஏபி. நம் வயலில் அடியுரமாகப் போடும் அதே டை அமோனியம் பாஸ்பேட். கரைத்து ஊற்றினால் பத்துப் பதினைந்து நாளில் சர்க்கரை முழுவதும் தீர்ந்துவிடும். ஸின்ட்-ஹும்ப்ரெக்ட்டில் அந்த வழி இல்லை. இங்கே நொதித்தல் ஒரு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். குளிர்காலத்தில் நிலவறை குளிர்ந்ததும் ஈஸ்ட் அடங்கும், வசந்தத்தில் வெதுவெதுப்பு ஏறியதும் பீப்பாய் வாயில் மீண்டும் குமிழி தட்டும். மொத்த மண்டியோடு குறைந்தது ஆறு மாதம் கிடத்துகிறார்கள். அறுவடையிலிருந்து ஓராண்டு முதல் இரண்டாண்டு கழித்துத்தான் புட்டியில் அடைக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பில் ஆபத்து இல்லாமல் இல்லை. பாதியில் நின்ற ஒயினில் பாக்டீரியா புகுந்தால் சர்க்கரையைப் புளிக்காடியாக்கிவிடும். பீப்பாயில் ஒரு விரல்கடை வெற்றிடம் இருந்தாலும் காற்று உள்ளே வேலை செய்யும். அதனால் வாரந்தோறும் நிரப்பியாக வேண்டும். கந்தக டை ஆக்சைடு சேர்த்து அடக்கலாம், ஆனால் முன்கூட்டிச் சேர்த்தால் காட்டு ஈஸ்ட்டே செத்துவிடும். விதியும் குறுக்கே நிற்கிறது: வழக்கமான உலர் (சர்க்கரை ஏறக்குறைய மீதமில்லாத) வெள்ளை ஒயினுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் மொத்த கந்தக டை ஆக்சைடு வரை அனுமதி, 2012இல் வந்த ஐரோப்பிய இயற்கை வேளாண்மை ஒயின் விதியில் 150 மட்டுமே. இத்தனைக்கும் அடிப்படைக் காப்பு நல்ல பழம்தான். அழுகல் இல்லாத, புளிப்புக் குறையாத பழம் வந்திருந்தால் அந்தப் புளிப்பே பாக்டீரியாவைத் தள்ளி நிறுத்தும்.

ஈஸ்ட் எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஒயின் நிற்கும். ஒரே பாத்தியின் ரீஸ்லிங் ஓராண்டில் முழு உலர்வாகவும் மறு ஆண்டில் இலேசான இனிப்போடும் வரலாம். புட்டியில் வெறும் 'ரீஸ்லிங்' என்று படித்து வாங்கியவர் இரவு மீன் உணவோடு திறந்து பார்த்து ஏமாறுவார். அதற்காக ஒலிவியே ஹும்ப்ரெக்ட் 2001 அறுவடையிலிருந்து முகப்புச் சீட்டில் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை அச்சிடத் தொடங்கினார். 1 என்றால் நாவுக்கு உலர்வு; 5 என்றால் தாமத அறுவடை ஒயினுக்கு நிகரான இனிப்பு. இது சர்க்கரை கிராமின் நேர்க்கணக்கு அல்ல. புளிப்பு அதிகமுள்ள ராங்கென் ஒயினில் சில கிராம் சர்க்கரை நாவில் தெரியாது. அதே அளவு, புளிப்புக் குறைந்த கெவுர்ஸ்ட்ராமினர் திராட்சை ஒயினில் தெளிவாக இனிக்கும். அதனால் சுவைத்துப் பார்த்தே எண் வைக்கிறார்கள். 2021 அறுவடையிலிருந்து அல்சாஸ் வெள்ளை ஒயின்கள் பொதுவாக இனிப்பின் அளவைச் சொல்லும் 'செக்', 'தெமி-செக்', 'முவல்லே', 'டூ' என்ற நான்கில் ஒன்றை அச்சிட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. 'செக்' என்றால் பொதுவாக லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை, 'தெமி-செக்' 12 வரை, 'முவல்லே' 45 வரை, அதற்கு மேல் 'டூ'. நல்ல புளிப்பு இருந்தால் 'செக்' வகைக்கு 9 கிராம் வரை இடம் உண்டு.

புட்டியை வாங்க நேர்ந்தால் முன்னால் இந்த எண்ணையும், பின்னால் பயோடிவின் முத்திரையையும் பாருங்கள். 'இயற்கை ஒயின்' என்ற சொல்லை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சான்றிதழ் இருந்தால்தான் தாமிரக் கணக்கையும் எருக் கணக்கையும் வெளியாள் ஒருவர் ஆண்டுதோறும் வந்து சரிபார்த்திருக்கிறார் என்று பொருள். திறந்ததும் லேசாகத் தீக்குச்சி வாசனை வந்தால் பயப்பட வேண்டாம். நெடுநாள் மண்டியோடு கிடந்த ஒயினுக்கு அது இயல்பு; குடுவைக்கு மாற்றி அரை மணி நேரம் விட்டால் போய்விடும். புளிக்காடி நெடி வந்தால் அது போகாது, கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.